ஒட்டுப்பலகைக் கித்தாரின் நியாயம்

இனிய கித்தார் இசைக்கு விலை உயர்ந்த கித்தார் வேண்டும் என்னும் கருத்து வாத்தியக் கடைக்காரர், இசை ஆசிரியர், பிள்ளைக்குக் கருவி வாங்கித் தர நினைக்கும் பெற்றோர் ஆகிய மூவரிடமும் ஏறத்தாழ ஒரே வடிவில் வழங்கி வருகிறது. கருவியின் முகப்பலகையும் முதுகும் பக்கங்களும் முழுமரத்தால் ஆகியிருக்க வேண்டும், அந்த மரமும் ஈட்டி, ஸ்புரூஸ் போன்ற பெயர்பெற்ற வகையாக இருக்க வேண்டும், தலைப்பகுதியில் புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றின் முத்திரை இருக்க வேண்டும். இவை இல்லாத மலிவுக் கித்தார், அதிலும் யாரோ வாசித்துப் பரணில் போட்ட பழைய மலிவுக் கித்தார், காதைக் கெடுத்து விரலைப் புண்ணாக்குமே தவிர இசை தராது என்பது அக்கருத்தின் சாரம். அதிலிருந்து பிறக்கும் அறிவுரை இன்னும் தீங்கானது. நல்ல கருவி வாங்கப் பணம் சேரும்வரை தொடங்காமல் இருப்பதே மேல் என்று அது சொல்கிறது. மாதந்தோறும் சம்பளம் வரும் வீட்டில் இந்த அறிவுரை சில மாதத் தாமதத்தோடு போகலாம். பாவு ஏற்றி, சேலையை நெய்து இறக்கி, கூலி கைக்கு வந்த பிறகே அடுத்த செலவை நினைக்க முடிகிற ஆரணி நெசவாளர் வீட்டில் அந்தத் தாமதம் பெரும்பாலும் முடிவற்றதாகிவிடும். ஒரு கருத்து இத்தனை பேரை வாசலிலேயே நிறுத்தி வைக்குமானால், அது உண்மையா என்று கடுமையாகச் சோதிக்கப்பட வேண்டும். சோதித்தவர்கள் கண்டது அக்கருத்துக்குச் சாதகமாக இல்லை.

மரத்தைப் பற்றிய வாதத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம், ஏனெனில் விலையின் பெரும்பகுதி அதன் பேரில்தான் வாங்கப்படுகிறது. இன்றைய செவ்வியல் கித்தாரின் வடிவத்தை நிலைநிறுத்தியவர் என்று கருதப்படும் ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தோரெஸ், 1862இல் முதுகும் பக்கங்களும் காகித அட்டையால் ஆன ஒரு கித்தாரைச் செய்தார். முகப்பலகையை மட்டும் அவர் வழக்கம்போல் ஸ்புரூஸ் மரத்தால் அமைத்தார். ஒலியைப் பெரிதும் தீர்மானிப்பது தந்திகளின் அதிர்வை நேரடியாக வாங்கிக் காற்றில் பரப்பும் முகப்பலகையே என்பதைக் காட்டவே அவர் அதைச் செய்தார். பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் அக்கருவி இன்றும் இருக்கிறது. கித்தாரின் தந்தை எனப் போற்றப்படும் ஒருவரே ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் அட்டையைக் கொண்டு அளித்த பதிலைக் காதில் வாங்காமல், முதுகுப்பலகை எந்தக் காட்டு மரம் என்று இன்றும் விலைப்பட்டியல்கள் பேசிக்கொண்டிருக்கின்றன.

தோரெஸின் செயல் ஒரு கைவினைஞரின் உள்ளுணர்வு மட்டுமே என்று தள்ளிவிடவும் வழியில்லை. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ரோஜர் பக்னல் என்ற கித்தார்க் கலைஞர் செய்த ஆறு எஃகுத்தந்திக் கித்தார்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி 2018இல் வெளியிட்டனர். ஆறும் ஒரே அமைப்பு. முதுகும் பக்கங்களும் மட்டும் பிரேசில் ஈட்டி, இந்திய ஈட்டி, மகோகனி, மேப்பிள், சபேலி, வால்நட் என்று ஆறு வகை மரங்கள். கித்தார் வாசிக்கும் 52 பேர் மங்கிய ஒளியில், பற்றவைப்போர் அணியும் கண்ணாடியை அணிந்துகொண்டு, கருவியைக் கண்ணால் இனங்காண இயலாத நிலையில் வாசித்து மதிப்பிட்டனர். ஆறு கருவிகளும் ஏறத்தாழ ஒரே மதிப்பைப் பெற்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிவதே அவர்களுக்குக் கடினமாக இருந்தது. பிரேசில் ஈட்டியோ அழியும் ஆபத்தில் இருப்பதால் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்ட மரம், அதற்குக் கேட்கப்படும் விலையும் அதற்கேற்பப் பெரியது. நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளிலும் வளரும் நம் ஈட்டியும் இதே மயக்கத்துக்காகவும் வெட்டப்பட்டுக் கப்பலேறியது என்பதை இங்கே நினைப்பது பொருந்தும். அந்தச் சோதனை முகப்பலகையைத் தொடவில்லை என்று ஆட்சேபிக்கலாம். அந்த ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் 1995இல் அமெரிக்கக் கித்தார் உற்பத்தியாளர் பாப் டெய்லர் அந்த இடத்தையும் தொட்டார். சரக்கு அடுக்கும் பழைய ஓக் மரச்சட்டத்தைப் பிரித்து முதுகும் பக்கங்களும், கட்டிடவேலைக்கான சாதாரணக் கட்டையிலிருந்து முகப்பலகையும் செய்து, கித்தாரை உருவாக்குவது மரத்தைவிடச் செய்யும் கையே என்று அவர் நிறுவினார். விலை உயர்ந்த மரத்தை விற்றே தொழில் நடத்தும் ஒருவர் தம் தொழிலின் பெரிய நம்பிக்கைக்கு எதிராகத் தாமே சாட்சி சொன்னது சாதாரணச் செய்தியன்று.

பழமையும் புகழும் சேர்ந்த கருவிக்கு மட்டுமே தனி நாதம் உண்டு என்ற நம்பிக்கைக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்கள், கண்ணை மறைத்துக்கொண்டு, மூன்று புதிய வயலின்களையும் ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி என்னும் பழம்பெரும் இத்தாலியக் கைவினைஞர்களின் கைவண்ணத்தில் பிறந்த மூன்று பழைய வயலின்களையும் ஒப்பிட்டனர். பெரும்பான்மையோர் புதியவற்றையே விரும்பினர், மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. கண் காட்டிக்கொடுக்காதபோது காது விலையைக் கேட்பதில்லை.

அப்படியானால் பெரும்பாலான மலிவுக் கித்தார்கள் ஏன் காதுக்குக் கரடாக ஒலிக்கின்றன என்ற கேள்வி எழும். இதுதான் மலிவுக் கித்தாரை எதிர்ப்பவர்களின் உறுதியான இடம். அவை கரடாக ஒலிப்பதுண்டு என்பதை மறுப்பது நேர்மையாகாது. மறுக்க வேண்டியது அவர்கள் சொல்லும் காரணத்தை. வீணையில் மெட்டு என்று சொல்லப்படும் உலோகத் தடங்கள் கித்தாரில் ஃப்ரெட் எனப்படுகின்றன. தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் சிறு பள்ளக்கட்டை நட் எனவும், முகப்பலகையில் ஒட்டிய குதிரையின்மேல் தந்தி படியும் எலும்பு அல்லது பிளாஸ்டிக் விளிம்பு சேடில் எனவும் வழங்கும். இவ்விரண்டின் உயரத்தைப் பொறுத்தே தந்தி மெட்டுகளுக்கு மேல் எவ்வளவு எழும்பி நிற்கும் என்பது அமைகிறது. தந்தி அளவுக்கு மீறி எழும்பி நின்றால் அதை மெட்டுவரை அழுத்தும்போது அது கூடுதலாக இழுபடுகிறது. இழுபட்ட தந்தியின் சுருதி ஏறுகிறது. ஒவ்வொரு தந்தியும் ஒவ்வொரு அளவில் ஏறுவதால், திறந்த தந்தியில் கச்சிதமாகச் சுருதி சேர்த்த கருவியும் நான்கு விரல்கள் அழுத்திய உடனே கூட்டுச்சுரம் கலைந்து நிற்கிறது. காது இதைத்தான் மலிவான சத்தம் என்று உணர்கிறது, விரல் இதனால்தான் புண்ணாகிறது. தொழிற்சாலையில் மிச்சப்படுத்தப்படுவது மரத்தில் மட்டுமல்ல, முதலில் உழைப்பில்; நட்டின் பள்ளங்களை ஒவ்வொன்றாக அறுத்து, சேடிலை உரசி, மெட்டுகளைச் சமன்செய்யும் கடைசி மணிநேரங்கள் மலிவுக் கருவிக்குக் கிடைப்பதில்லை. விடுபட்ட அந்த மணிநேரங்களைப் பின்னால் சேர்த்துவிட முடியும் என்பதை விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவருக்குத் தெரிவதில்லை.

அதைச் சேர்க்கும் முறை மறைபொருளும் அன்று. தந்தியை இரண்டாம், மூன்றாம் மெட்டுகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்தால், முதல் மெட்டுக்கும் தந்திக்கும் இடையே மெல்லிய காகிதம் நுழையும் அளவே இடைவெளி இருக்க வேண்டும். அதற்குமேல் இருந்தால் நட்டின் பள்ளம் போதிய ஆழம் இல்லை என்று பொருள். பன்னிரண்டாம் மெட்டின்மேல் எஃகுத்தந்தி 2 முதல் 2.5 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றால் பெரும்பாலான கைகளுக்கு இதமாக இருக்கும். அங்கே ஒரு மில்லிமீட்டர் குறைக்க விரும்புபவர் சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் உரசியெடுக்க வேண்டும், ஏனெனில் பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுப்புள்ளி. பல ஆண்டு இழுவையில் பழைய கித்தாரின் கழுத்து முன்னோக்கி வளைந்திருந்தால், அதன்மேல் இருக்கும் பாரத்தைக் குறைக்கலாம். சாதாரண எஃகுத்தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்கு நிகரான விசையில் கழுத்தை இழுக்கின்றன. இரண்டு மெட்டு அளவு சுருதியைத் தாழ்த்தினால் அந்த இழுவையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், மெல்லிய தந்திகளைப் பூட்டினால் மேலும் குறையும். சுருதியைத் தாழ்த்துவது ஏழையின் சமரசம் என்று எண்ண வேண்டியதில்லை. லெட்பெல்லி என்ற பெயரால் அறியப்பட்ட அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஸ்டெல்லா என்னும் மலிவு வகைப் பன்னிரண்டு தந்திக் கித்தாரை மிகத் தாழ்ந்த சுருதியில் வைத்தே வாசித்தார், அந்த ஆழமே அவருடைய அடையாளமாயிற்று.

திருத்த முடியாத கருவியும் உண்டு. மெட்டுகள் தவறான இடத்தில் பதிக்கப்பட்டிருந்தால் எந்தக் கையாலும் அதைக் காப்பாற்ற இயலாது. நட்டிலிருந்து பன்னிரண்டாம் மெட்டுவரை உள்ள தொலைவு, தந்தியின் கணக்கிட்ட மொத்த நீளத்தில் சரிபாதியாக இருக்க வேண்டும். 650 மில்லிமீட்டர் தந்தி என்றால் 325. இந்த அளவை ஒரு சாதாரண அளவுகோலாலேயே பார்த்துவிடலாம். இன்று மலிவுக் கருவிகளிலும் மெட்டுக்கான பள்ளங்களை இயந்திரமே அறுப்பதால் இந்தப் பிழை அரிதாகிவிட்டது. ஆகவே ஒரு பழைய கித்தாரை ஏற்பதா, தள்ளுவதா என்பதைக் கழுத்தும் மெட்டும் சொல்ல வேண்டும்; தலையிலுள்ள முத்திரை அதைச் சொல்லாது.

ஆரணியைப் போன்ற ஊருக்கு இந்த வாதம் புதிதாக இருக்கவும் முடியாது. புவிசார் குறியீடு பெற்ற பட்டு, மண் தரையில் தோண்டிய குழியில் கால் வைத்து நெய்யும் குழித்தறியில், வீட்டின் முன்கட்டில் உருவாகிறது. தறியின் சட்டம் எந்த மரம், எத்தனை தலைமுறைப் பழையது என்பதைச் சேலையைப் பார்த்து எந்த வல்லுநராலும் சொல்ல இயலாது. ஆனால் பாவின் இழுவை ஒரே சீராக இல்லாவிட்டாலும், அச்சில் ஒரு பல் விலகியிருந்தாலும், அது துணியின் முழு நீளத்துக்கும் கோடாகத் தெரியும். மரம் மறைந்துபோகிறது, அமைப்பு மறைவதில்லை என்ற இந்த அறிவு அவ்வூரின் அன்றாடத்தில் இருக்கிறது. இத்தகைய ஊரில் ஒரு பிள்ளையிடம், கருவியின் விலையே கலையின் அளவு என்று வெளியூர் வணிகம் கற்பிப்பது வருந்தத்தக்கது.

தந்தியைப் பற்றிய செய்தி இன்னும் நெருக்கமானது. கித்தாரில் முதலில் ஒலிப்பது தந்தி. முகப்பலகை அதைப் பெருக்குகிறது, அவ்வளவே. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை செவ்வியல் கித்தாரின் மேல் மூன்று தந்திகள் விலங்கின் குடலிலிருந்து முறுக்கப்பட்டவை; கீழ் மூன்று தந்திகளோ பட்டு இழைகளை நடுவே வைத்து, அவற்றின்மேல் வெள்ளிமுலாம் பூசிய செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றிச் செய்யப்பட்டவை. நடுவில் பட்டு நூல், அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பிச் சுற்று, அதற்கும் மேல் பொன்முலாம் என்பதே ஆரணிச் சேலையின் கரையில் மின்னும் அசல் சரிகையின் அமைப்பும் ஆகும். உலகின் பேரரங்குகளில் செவ்வியல் கித்தார்க் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா தம் இளமையில் வாசித்த கித்தாரின் ஆழ்ந்த சுரங்கள் ஏறத்தாழச் சரிகையின் உறவினரிடமிருந்தே பிறந்தன. இரண்டாம் உலகப்போரில் அறுவைத் தையலுக்குக் குடல்நூல் திருப்பிவிடப்பட்டு, தந்திக்குப் பஞ்சம் ஏற்பட்டபோது, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலானைக் கொண்டு தந்தி செய்தார். 1940களின் இறுதியில் அது விற்பனைக்கு வந்தது. பட்டின் இடத்தையும் நைலான் இழைகளே பிடித்துக்கொண்டன. கித்தார் வரலாற்றில் ஒலியை மிகப் பெரிய அளவில் மாற்றிய நிகழ்வுகளில் ஒன்று இது, அந்த மாற்றம் நடந்த இடமோ கருவியின் பாகங்களிலேயே மிகவும் மலிவானதும் அடிக்கடி மாற்றப்படுவதுமான தந்தி.

வாங்குபவர்களில் பெரும்பாலோர் இதை அறிவதில்லை. சுற்றுத்தந்தியின் இடுக்குகளில் வியர்வையும் அழுக்கும் படியப் படிய அதன் எடை சீரற்றதாகிறது, மேற்சுரங்கள் மங்குகின்றன, சுருதியும் நிலைகொள்வதில்லை. பத்தாண்டுத் துருவோடு பரணிலிருந்து இறக்கிய கித்தாரை இரண்டு முறை மீட்டிவிட்டு அது குப்பை என்று தீர்ப்புச் சொல்பவர், உண்மையில் துருவுக்கே தீர்ப்புச் சொல்கிறார். புதிய தந்தித் தொகுதி ஒன்றைப் பூட்டி, நட்டையும் சேடிலையும் சரிசெய்து, அதன்பின் கேட்ட தீர்ப்பையே தீர்ப்பாகக் கொள்ள வேண்டும். நைலான் தந்திக்கென்று கட்டப்பட்ட கித்தாரில் மட்டும் எஃகுத்தந்தியைப் பூட்டக் கூடாது; நைலானின் மொத்த இழுவை ஏறத்தாழ 40 கிலோ அளவே, அதற்கெனக் கட்டிய மெல்லிய பலகையும் குதிரையும் எஃகின் பாரத்தில் பெயர்ந்துவிடும். பழைய கித்தார்களில் பல பாழானது மலிவால் அன்று, இந்த அறியாமையால்.

வட்டாரத் தட்பவெப்பமும் மலிவுக் கித்தார்களில் முழுமரத்துக்குப் பதிலாக வரும் ஒட்டுப்பலகையின் பக்கமே பேசுகிறது. முழுமரக் கித்தாருக்குக் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அதைச் செய்வோரே அறிவுறுத்துகின்றனர். வேலூர், ஆரணி வட்டாரத்தில் கோடை 40 பாகை செல்சியஸைத் தாண்டிக் காயும். வடகிழக்குப் பருவமழையில் தறிக்குழியிலேயே நீர் ஊறி நெசவு நின்றுபோகும். இந்த இரண்டு எல்லைகளுக்கிடையே விரிந்தும் சுருங்கியும் அலைக்கழியும் முழுமர முகப்பலகை வெடிக்கலாம், குதிரை எழும்பலாம். நார்த்திசை ஒன்றுக்கொன்று குறுக்காக வருமாறு மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்யப்படும் ஒட்டுப்பலகையோ, ஓர் அடுக்கின் விரிவை மற்றோர் அடுக்கு தடுப்பதால், இந்த அலைச்சலை மிகக் குறைவாகவே உணர்கிறது. குளிர்சாதன அறையும் ஈரப்பதமானியும் இல்லாத வீட்டில், நான்கு மழைக்காலம் கடந்தும் சுருதி நிற்கும் கருவியே நல்ல கருவி. ஒட்டுப்பலகை முகப்பு சற்றுக் கனத்தது, அதனால் ஒலி சற்றுத் தாழ்ந்தும் விரைவில் அடங்கியும் விடும் என்பது உண்மை. தாழ்ந்த ஒலி அழகற்ற ஒலி என்று கொள்வதுதான் பிழை.

அழகைப் பற்றிய இந்தப் பிழையே முழு வாதத்தின் வேர். நீண்டு நின்று, எல்லாச் சுரங்களும் சமமாக, கொழுத்து ஒலிப்பதே கித்தாரின் ஒரே அழகு என்று வைத்துக்கொண்டால், விலை உயர்ந்த கருவி வெல்லும். அந்த அளவுகோலே அதை வைத்துச் செய்யப்பட்டது. ஸ்டெல்லா போன்ற கருவிகளில் முகப்பலகையின் உட்புறம் ஏணிப்படிபோல் குறுக்குக் கட்டைகள் மட்டுமே ஒட்டப்பட்டிருந்தன. விலை உயர்ந்தவற்றில் உள்ள பெருக்கல்குறி வடிவக் கட்டமைப்பு அவற்றில் இல்லை. அதனால் ஒவ்வொரு சுரமும் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும். கட்டைவிரல் தாளம் பிடிக்க, மற்ற விரல்கள் பாடலின் இசையை நெய்யும் வாசிப்புக்கு அந்த விரைவான அடக்கமே தெளிவு தருகிறது, ஒரு சுரம் அடுத்ததன்மேல் ஏறி மிதிப்பதில்லை. எலிசபெத் காட்டன் என்ற கறுப்பினப் பெண் சிறுமியாக இருந்தபோது வீட்டுவேலை செய்து சேர்த்த 3 டாலர் 75 சென்ட்டில் வாங்கிய ஸ்டெல்லாவில்தான், இடக்கைப் பழக்கத்தால் கருவியைத் தலைகீழாகப் பிடித்து, தமக்கே உரிய விரல்முறையைக் கண்டுபிடித்தார். உலகமெங்கும் கித்தார் மாணவர்கள் இன்றும் பயிலும் ‘ஃபிரெயிட் டிரெயின்’ பாடல் அவருடைய பதின்வயதின் தொடக்கத்தில் பிறந்தது. நல்ல கருவிக்குக் காத்திரு என்ற அறிவுரை அந்தச் சிறுமியின் காதில் விழாமல் போனது இசையின் நற்பேறு.

தமிழிசை மரபு இந்த உண்மையை வேறு வழியில் அறிந்தே வைத்திருக்கிறது. தம்புராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் ஜீவா எனப்படும் ஒரு துண்டு நூலைச் செருகி, இம்மி இம்மியாக நகர்த்தி, தந்தி குதிரையை உரசும் இடத்தைத் தேடுவார்கள். இடம் சரியாக அமைந்த கணத்தில் கருவி முழுவதும் ரீங்கரிக்கத் தொடங்கும். அளவறியாமல் நேர்ந்தால் இரைச்சல் என்று ஒதுக்கப்படும் அதே உரசல், அளவறிந்து அமைத்தால் நாதத்தின் உயிர். கோட்டுவாத்தியமோ மெட்டே இல்லாமல், தந்தியின்மேல் உருளையை வழுக்கி வாசிக்கப்படுவது. கழுத்து வளைந்து, தந்தி உயர்ந்து, விரலால் அழுத்தவே முடியாமல் போன பழைய கித்தாரை மடியில் கிடத்தி, கண்ணாடிக் குழாயாலோ எஃகுத் துண்டாலோ வழுக்கி வாசித்தால், வழக்கமான வாசிப்புக்குக் குறையாக இருந்த அந்த உயரமே இங்கே தேவையான குணமாகிவிடுகிறது. கமகத்துக்கு ஏங்கும் காதுக்கு இதைவிட நெருக்கமான கித்தாரும் இல்லை.

பெருங்கலைஞர்கள் எல்லோரும் கடைசியில் விலை உயர்ந்த கருவிக்குத்தானே போகிறார்கள் என்பது எஞ்சிய எதிர்வாதம். போகிறார்கள். ஒலிபெருக்கி இல்லாத பெரிய அரங்கின் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டிய கலைஞருக்கு இலேசான, நன்கு சீவப்பட்ட முழுமர முகப்பலகை உண்மையாகவே உதவும். அந்த உரப்புக்கும் நீட்சிக்கும் பணம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் தமிழர் கித்தாரைக் கேட்கும் இடங்கள் அவை அல்ல. திரையிசைப் பதிவில் ஒலிவாங்கி கருவிக்கு மிக அருகில் இருக்கிறது. 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா பொழிகிறதே’ பாடலில் ஆர். சந்திரசேகர் வாசித்த கித்தாரை நாற்பது ஆண்டுகளாகக் காதலித்து வருவோரில், அது எந்த நிறுவனத்தின் கருவி என்று அறிந்தவர் மிகச் சிலரே. தேவாலயப் பாடகர் குழுவிலும், திருமண வீட்டு மெல்லிசைக் குழுவிலும், பள்ளி விழாவிலும் ஒலிவாங்கியே உரப்பைப் பார்த்துக்கொள்கிறது. வீட்டுத் திண்ணையில் உரப்பே தேவையில்லை. கலைஞர் பல்லாண்டுப் பயிற்சிக்குப் பின் உணரும் ஒரு நுண்ணிய வேறுபாட்டை முதல் நாள் மாணவரின் நுழைவுக் கட்டணமாக மாற்றுவதற்கு இந்த எதிர்வாதத்தில் எந்த ஆதாரமும் இல்லை. கையில் இருக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பழைய கித்தாருக்கும், ஒரு பங்கைப் புதிய தந்திக்கும், ஒரு பங்கை மில்லிமீட்டர் அளவில் மரமும் எலும்பும் உரசத் தெரிந்த தச்சரின் கூலிக்கும் ஒதுக்கி, எஞ்சியதை எல்லாம் ஆசிரியருக்குக் கொடுப்பதே ஆரணி வீட்டுப் பெற்றோர் ஒருவர் செய்யக்கூடிய சரியான செலவு. அந்தச் செலவை இந்த மாதமே செய்யலாம்.